முதலையான் படத்துக்குள் இருந்த பிள்ளை

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கடைக்குத் துண்டு எழுதியிருக்கிறேன், கடிதம் எழுதியிருக்கிறேன், இப்படி நீட்டி எழுதியதில்லை. எழுத்துப் பிழை இருக்கும். முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வந்துவிடும். சிலது அடியோடு மறந்துபோயிற்று. ஆட்கள் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் அக்காவின் பேத்தி, தான் கண்டிராத தன் சின்னம்மாவைப் பற்றி எழுதி அனுப்பும்படி கேட்டாள். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பூதப்படம்தான் வந்து முன்னால் நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது நாங்கள் தேற்றாத்தீவில் இருந்தோம். அத்தான் காய்ச்சலில் இறந்து பல வருடம். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் கலியாணம் முடிக்காமல் அவர்களோடு இருந்தேன். மூத்தவளுக்குக் கிடைத்த மாப்பிள்ளை சவூதியில் வேலை செய்தவர். அவர் வரும்போது ரீவியும் கசெற் போடும் டெக்கும் கொண்டுவந்தார். கலியாணத்தை வீடியோ எடுக்கவும் ஆள் பிடித்தார். எங்கள் பக்கத்தில் அது புதினம். படம் பிடிக்கிறவர் தோளில் கமராவோடு பந்தலுக்குள் வந்ததும் பெண்டுகள் எல்லாரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டோம். இளையவள் மட்டும் மூடவில்லை.

கலியாணம் முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். மூத்தவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஒரு நாள் காலை ரியூசனுக்குப் போன இளையவள் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ கையில் ஒரு துண்டு கொடுத்துவிட்டார்கள். “என்னைத் தேட வேண்டாம் அம்மா” என்று இருந்தது. அவள் எழுத்துத்தான். இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்பது ஊருக்கே விளங்கிற்று. வருடம் எண்பத்தைந்தா ஆறா என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது.

அப்படிப் பிள்ளை போன வீட்டில் முதல் வேலை போட்டோக்களை எரிப்பது. ஆமி வந்து தேடினால் படம் இருக்கக் கூடாது, இப்படி ஒரு பிள்ளை இருந்த அடையாளமே இருக்கக் கூடாது. அக்கா தன் கையாலேயே எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, கோயில் திருவிழாவில் எடுத்தது, சாமத்தியச் சடங்கில் எடுத்தது எல்லாம் போயிற்று. கடைசியில் மிஞ்சியது அந்தக் கலியாணக் கசெற். அதை எரித்தால் மூத்தவளின் கலியாணமும் சேர்ந்து போய்விடும். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சமைக்கவில்லை.

ஏறாவூரில் கசெற் கடை வைத்திருந்த முஸ்லிம் காக்கா ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அத்தானின் நாளிலிருந்தே தெரிந்த மனிதர். அந்தக் காலத்தில் அங்கே போய்வர எங்களுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. பிறகு அந்தப் போக்குவரத்தும் இல்லாமல் போனது வேறு கதை. அக்காவும் நானும் கசெற்றைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கடையின் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“அழாதீங்க அக்கா. இதில புள்ள வாற இடத்த மட்டும் எடுத்து வேற ஒரு படத்துக்கு நடுவில ஏத்தித் தாறன். மறுகா இதில அந்த இடங்கள அழிச்சிருவம். ஒருத்தனும் தேட மாட்டான்.”

“எந்தப் படத்துக்கு நடுவில?” என்று அக்கா கேட்டார்.

அவர் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “இந்தா இரிக்கி. எண்ட கடையில ஒருத்தரும் கொண்டுபோகாத படம். கொண்டுபோன ஒருத்தரும் பாதியில திருப்பித் தந்துட்டார். இதப் போட்டுப் பாத்தா ஆமிக்காரனும் பாதியில ஒழும்பிப் போயிருவான்.”

இரண்டு டெக்கை இணைத்து அவர் அந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை நாங்கள் கடைக்குப் பின்னால் அவருடைய வீட்டில் இருந்தோம். தரும்போது ஒரு விசயத்தை மூன்று தரம் சொன்னார். “நேரா புள்ளைட இடத்துக்கு ஓட்டாதீங்க. அதே இடத்தில ஓட்டி ஓட்டி நிப்பாட்டினா றிப்பன் தேயும், மறுகா அறுந்திரும். தொடக்கத்தில இருந்து போட்டு முடியும்வரைக்கும் விட்டிருங்க.”

இந்தச் சொல்லை அக்கா வேதம் மாதிரி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் மின்சாரம் இருந்தால் கசெற் போடப்படும். பிள்ளை வருவது மூன்றரை நிமிடம். அதைப் பார்க்க முதலில் முக்கால் மணித்தியாலம் பூதத்தைப் பார்க்க வேண்டும். பிறகும் அதே அளவு பார்க்க வேண்டும்.

படத்தின் பெயர் தெரியாது. பெட்டியில் ஒட்டியிருந்த துண்டு கிழிந்து போயிருந்தது. சீனப்படம் என்றார் காக்கா. சீனமோ யப்பானோ, யார் கண்டது. வெளுத்துப்போன நிறத்தில் இருக்கும். ஒரு குளத்திலிருந்து பூதம் எழும்பி வருகிறது. முதலையின் வாய், ஆமையின் முதுகு, கால் மட்டும் மனிதக் கால். குளம் என்று காட்டுவது ஏதோ ஒரு தொட்டி. ஓரத்தில் சவர்க்கார நுரை மிதக்கும். பூதம் தூக்கிக் கடிக்கும் பஸ் சின்னப் பிள்ளைகள் விளையாடும் பஸ். அது திரும்பி நடந்தால் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை உடுப்பைப் பூட்டும் சிப் இருப்பது தெரியும். அதைப் பிடிக்க ஒரு தடித்த பொலிஸ்காரரும் மெலிந்த தபால்காரர் ஒருவரும் ஒரே சைக்கிளில் அலைவார்கள். எந்த மூலைக்குப் போனாலும் அதே மூன்று வீடும் அதே தென்னை மாதிரி ஒரு மரமும்தான்.

முதல் நாள் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இந்தக் கண்றாவிக்குள்ளயா எண்ட புள்ளய வெச்சிருக்கான்?” என்று எழும்பப் போனார். அப்போது பூதம் றெயில் கடவையைத் தாண்டும். கேற் கீழே இறங்கி அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். ஊரையே மிதித்து நாசமாக்கிய பூதம், கேற்றைத் தூக்க வழி தெரியாமல் றெயில் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் படம் வெட்டுப்படும். எங்கள் வீட்டு வளவு வரும். ஆலாத்தித் தட்டோடு அவள் வருவாள். பந்தல் கயிற்றில் கால் தடக்கும், விழாமல் நிமிர்வாள். பிறகு பெண்டுகள் குரவை போடும் இடம். அவள் வாயில் கையை வைத்துக் குரவை போட்டுப் பார்ப்பாள், சத்தம் வராது, சிரித்துவிடுவாள். கடைசியாக வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கமராவை எட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். மறுபடியும் பூதம் வந்துவிடும். அப்போது அதன் வால் விடுபட்டிருக்கும், தலையில் யாரோ கொடியில் காயப்போட்ட சீலை ஒன்று மாட்டியிருக்கும். வால் எப்படிக் கழன்றது, சீலை எங்கே மாட்டியது என்பதெல்லாம் பிள்ளைக்கு இடம் விட்டு அழிந்துபோன பகுதியில் இருந்தன.

எத்தனையாவது ஞாயிறு என்று தெரியாது, பூதம் களைத்துப்போய் ஒரு மாடிக் கட்டடத்தில் சாய்ந்தது. கட்டடம் தடித்த காகிதம் போல வளைந்தது. அக்கா, “பாவம்கா உள்ளுக்கு இரிக்கிறவன். வேர்த்துக் கொட்டும். தண்ணி கிண்ணி குடுத்தாங்களோ தெரியா” என்றார்.

மூத்தவள் முதலில் சிரித்தாள். பிறகு நான். பிறகு அக்காவும். பிள்ளை போனதற்குப் பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு அதுதான். அன்றிலிருந்து அக்கா அதை முதலையான் என்று அழைக்கத் தொடங்கினார். வாவியில் முதலை கிடக்கும் இடத்தைத் தாண்டும்போதெல்லாம் “உங்கட ஆள் படத்தில நடிக்கிறார்” என்பார். வால் எப்படிக் கழன்றிருக்கும் என்று நாங்கள் மூவரும் வாயால் அடிபடுவோம். பொலிஸ்காரர்தான் கேற்றைத் தூக்கிவிட்டார் என்பது மூத்தவளின் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். “பொலிஸ் என்னத்துக்குத் தூக்கிறான்? தபால்காரன் மனுசன், அவன்தான் தூக்கியிரிப்பான்.”

நல்ல படம் பார்த்து அழுதிருக்கிறேன், ரசித்திருக்கிறேன். ஆனால் இந்தப் படத்தின் மேல் வந்த பாசம் வேறு. பயப்படுத்த வந்து முடியாமல் நிற்கும் ஒன்று அது. வெளியே நாங்கள் பயந்த எதுவும் அப்படி இருக்கவில்லை.

ஆனால் சிரிப்பு வேலிக்கு வெளியே கேட்டது. பக்கத்து வளவுக்காரி ஒரு நாள் தண்ணீர் அள்ள வந்தவள், “என்னகா, உங்கட ஊட்டில ஒரே பகிடியாக் கிடக்கு. புள்ள போன ஊடு மாதிரியா இரிக்கி?” என்று கேட்டுவிட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் அக்கா கசெற் போடவில்லை. அதற்குப் பிறகு போட்டபோது முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பார்த்தார். கட்டடம் வளையும்போது தோள் மட்டும் குலுங்கும்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

முந்தின ஞாயிறு பூதத்தின் வால் மாட்டும் நேரம் மின்சாரம் போய்விட்டது. நடுவில் நின்றதால் றிப்பனுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று அக்காவுக்குப் பயம். மின்சாரம் வந்ததும் கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றாமல் அப்படியே வெளியே எடுத்து, காக்காவிடம் காட்டவென்று ரீவிக்கு மேல் வைத்திருந்தார். புதன்கிழமை காலை ஊர் சுற்றி வளைக்கப்பட்டது. ஆம்பிளைகள் பள்ளிக்கூடத்து வளவுக்கு வரவேண்டும், பெண்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எட்டு மணி போல மூன்று ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். இரண்டு பேர் இளவட்டம். மற்றவர் வயதானவர், மீசை நரைத்தவர், கொஞ்சம் தமிழ் பேசினார்.

அவர்கள் அலுமாரியைக் கிளறினார்கள், அரிசிப் பானைக்குள் கை விட்டார்கள். பிறகு ரீவியைக் கண்டார்கள். இயக்கத்துக் கசெற்றுகள் வீடு வீடாகப் போகின்றன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது போல. வயதானவர், “போடு, எல்லாம் போடு” என்றார்.

முதலில் கலியாணக் கசெற். தாலி கட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு வெறுமை, பிறகு ஒரு வெறுமை, சாப்பாட்டுப் பந்தியில் இன்னொன்று. படம் விட்டு விட்டுப் போனது.

“இது ஏன் இல்ல, இல்ல, இல்ல?” என்று அவர் விரலை ஆட்டிக் கேட்டார்.

“பழைய கசெற் ஐயா, பழுது” என்றாள் மூத்தவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மற்றதை எடுத்து இளவட்டம் ஒருவனிடம் கொடுத்தார். அவன் டெக்குக்கு முன்னால் குந்தினான். படம் விழுந்தது. முதலையானின் வால் கேற்றில் மாட்டியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு பொடியன்களும் பக்கென்று சிரித்தார்கள். றெயில் வர வேண்டும், பதினொரு பெட்டி போக வேண்டும், அதற்குப் பிறகு எங்கள் வளவு. வாசலில் நின்று பார்த்தால் அதே கிணறு, அதே வேலி. அவள் முகம். அதைக் கண்டுவிட்டால் அக்காவையும் வயிற்றுப்பிள்ளைக்காரியையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

என்ன துணிவில் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சொந்தக்காரர் முன்னாலேயே கதைக்காத நான், அந்தப் பொடியனுக்கு முன்னால் போய் நின்றேன். “ஐயா, இது ஒண்ணுமில்ல, இனித்தான் பகிடி. சுறுக்கா ஓட்டுங்க” என்று கையால் சுழற்றிக் காட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டு, முகத்தை மூடி, கையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு சீலை மாட்டிய முதலையான் மாதிரி நடந்தேன். சுவரில் முட்டினேன். ஒற்றைக் காலில் துள்ளினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, பட்டனை அமத்தினான்.

றெயில் பறந்தது. பிறகு அவள் வந்தாள். வெட்டு வெட்டென்று ஓடினாள். கயிற்றில் தடக்கித் துள்ளினாள். வாய் படபடவென்று மூடித் திறந்தது. வாழைமரத்தின் பின்னால் தலை உள்ளுக்கும் வெளிக்கும் போனது. சத்தம் இல்லை. படம் முழுக்கக் கோடு. பொடியன்களுக்கு அதுவும் பெரிய பகிடி. ஒருவன் அவளைப் போலவே வாயை அடித்துக் காட்டினான்.

வயதானவர் மட்டும் சிரிக்கவில்லை. “இது யாரு?” என்றார்.

“கடைக் கசெற் ஐயா. வேற படம் கலந்து கிடக்கு” என்றேன்.

அப்போது அக்கா சிரித்தார். கண்ணைத் திறந்து, ரீவியைப் பார்த்து, வாய்விட்டு, அந்தப் பொடியன்களை விடப் பெரிதாகச் சிரித்தார். தன் பிள்ளை குரங்கு மாதிரி துள்ளுவதைப் பார்த்து ஒரு தாய் அப்படிச் சிரித்ததை நான் கேட்டேன். வேறு எதை மறந்தாலும் அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. வயதானவர் அக்காவைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். கிணற்றைத்தான் பார்த்தாரோ, வெளியே நின்ற ஆட்களைத்தான் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

முதலையான் சீலையோடு வந்து சுவரில் முட்டிற்று. நான் சொன்ன மாதிரியே நடந்ததில் பொடியனுக்குச் சந்தோசம். “அம்மே, இன்னொருக்கா” என்று என்னைக் கைகாட்டினான். நான் இன்னொருக்கா நடந்தேன். அதற்குப் பிறகு அவன் கசெற்றை வெளியே எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வயதானவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர் எங்களைப் பார்த்து, “காம்ப்ல பாக்கிறது” என்றார்.

வாசல் படலைவரை அக்கா பின்னால் போனார். கெஞ்சிக் கேட்க முடியாது. கெஞ்சினால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். “பாத்து முடியத் தாங்க ஐயா” என்று மட்டும், கடன் கொடுத்த சுளகைக் கேட்பது போலச் சொன்னார். பொடியன் தலையை ஆட்டினான். நல்ல பிள்ளை மாதிரித்தான் ஆட்டினான்.

திருப்பித் தரவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குப் புதுப் பயம். முகாமில் அவர்கள் ஓட்டாமல் பார்ப்பார்கள். மூன்றரை நிமிடமும் பார்ப்பார்கள். வீதியில் ட்ரக் சத்தம் கேட்டால் மூத்தவள் பின்வேலிக்குப் போய் நிற்பாள். மாதக்கணக்கில் அப்படி இருந்தோம். ஒருவரும் வரவில்லை. அவர்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் விளங்கவில்லையா, அந்த நரைத்த மீசைக்காரர் விளங்கிக்கொண்டும் வாயை மூடிக்கொண்டாரா, கடைசிவரை தெரியவில்லை. இளையவளும் வரவில்லை. அவளைப் பற்றி வந்த சேதி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றையும் அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை.

என்மேல் அக்கா கோபப்பட்டதில்லை. “நீ செய்தது சரிதான் புள்ள. மூத்தவள் மிஞ்சினாள்” என்றார். ஆனால் எனக்குத் தெரியும். நான் அவ்வளவு நன்றாக நடித்திராவிட்டால் அவன் அந்தப் படத்தை விட்டுவிட்டுப் போயிருப்பான். பாதியில் எழும்பிப் போகிற படம் அது. ஆசைப்பட வைத்தவள் நான்.

சில ஞாயிறுகள் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டு, “அந்தப் படத்தச் சொல்லுகா” என்றார். சொன்னேன். நேரே பிள்ளையின் இடத்துக்குப் போக விடமாட்டார். தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். நுரை, பஸ், சைக்கிள், வளையும் கட்டடம் எல்லாம் வரிசை பிசகாமல் சொன்னேன். வால் மாட்டிற்று, றெயில் போயிற்று. பிறகு திக்கினேன்.

ஏனென்றால் அந்த மூன்றரை நிமிடம் ஓடும்போது நான் ரீவியைப் பார்த்ததே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தரம் இரண்டு தரம் கடைக்கண்ணால் பார்த்திருப்பேன். நன்றாகப் பார்த்தது அந்தப் புதன்கிழமை ஓட்டத்தில்தான். ஆகவே இட்டுக்கட்டினேன். பச்சைத் தாவணி என்றேன். அக்கா, “பச்சையா? நீலமெல்லுவா?” என்றார். அடுத்த முறை நீலம் என்றேன். “இல்லகா, நீ முதல் சொன்னதுதான் சரி போல” என்றார். அப்படிப் பல வருடம் போயிற்று. நான் சொல்லச் சொல்ல, அக்காவுக்குத் தெரிந்ததும் என் சொல்லோடு கலந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவருக்கு என்னிடமிருந்து கேட்டது மட்டும்தான் இருந்தது. அதுவும் பாதி பொய்.

அக்கா போய்விட்டார். மூத்தவள் அன்று மணவறையில் குனிந்த தலையோடு இருந்தவள், தங்கச்சி என்ன செய்தாள் என்று தான் காணவில்லை என்கிறாள். கசெற்றில் பார்த்ததும் அவளுக்கு இப்போது துலக்கமாக இல்லை.

அந்தக் கலியாணத்துக்கு வந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்காக ஒரு உதவி செய்யுங்கள். தாவணி பச்சையா நீலமா? ஆலாத்தித் தட்டு வலக் கையிலா, இரண்டு கையாலும் பிடித்திருந்தாளா? குரவை போட்டுச் சிரித்தபோது பக்கத்தில் நின்றது யார், அவள் என்ன சொல்லிச் சிரித்தாள்? வாழைமரம் படலைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள், பேத்திக்குச் சரியாக எழுதி அனுப்ப வேண்டும். பூதத்தைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்கத் தேவையில்லை. அது எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.